கூடத்தின் நடுவே ஒரு செங்கல் மேடை

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் ஒரு மாண்டிசோரிப் பள்ளி. அதன் கூடத்தில் செங்கல்லால் கட்டிய சதுரமான மேடை ஒன்று இருக்கிறது. ஓரமாக இல்லை, சுவரை ஒட்டியும் இல்லை. வருகிறவர் போகிறவர் எல்லோரும் சுற்றிக்கொண்டு நடக்க வேண்டிய நட்டநடு இடத்தில் பிடிவாதமாக உட்கார்ந்திருக்கிறது. பார்க்கிற எவருக்கும் முதலில் தோன்றுவது இதுதான்: மரத்தில் செய்து சக்கரம் வைத்திருந்தால், வேண்டாதபோது தள்ளி வைக்கலாமே?

தள்ள முடியாது என்பதில்தான் அந்த மேடையின் சாமர்த்தியம் அடங்கியிருக்கிறது. நகர்த்தக்கூடிய பொருள் எதுவும் இரண்டே வாரத்தில் மூலைக்குப் போய்விடும். பிறகு அதை நடுவுக்குக் கொண்டுவர யாராவது ஒருவர் முடிவெடுக்க வேண்டும், அனுமதி வாங்க வேண்டும், இரண்டு பேர் பிடித்துத் தூக்க வேண்டும். செங்கல் மேடைக்கு இந்தத் தொல்லை இல்லை. ஒரு பையன் அதில் உட்கார்ந்து காலணியின் கயிற்றைக் கட்டுகிறான். ஒரு சிறுமி அதன்மேல் ஏறி நின்று, கொஞ்ச நேரத்துக்கு ஆசிரியையைவிட உயரமாகிவிடுகிறாள். விழா நாளில் எல்லோரும் அதைச் சுற்றிக் கூடுகிறார்கள். மேடைக்குள் மரப்பகுதிகள் செருகப்பட்டிருக்கின்றன. அவற்றை வெளியே இழுத்தால் நாலாபக்கமும் விரிந்து நாடக மேடையாகிவிடும். பெரியவர்கள் உதவி தேவையில்லை. பிள்ளைகளே இழுத்து, பிள்ளைகளே மூடிவிடலாம்.

இந்தப் பள்ளியின் முதல் பகுதி 1966-இல் முடிந்தது. வடிவமைத்தவர் ஹெர்மன் ஹெர்ட்ஸ்பெர்கர். 1932-இல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்து, 1958-இல் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படிப்பை முடித்து, அதே ஆண்டு சொந்த அலுவலகம் தொடங்கியவர். அடுத்த ஆண்டே 'ஃபோரம்' என்ற கட்டடக்கலை இதழின் ஆசிரியர் குழுவில், தம்மைவிட மூத்த கட்டடக்கலைஞரான ஆல்டோ வான் ஐக்கோடு சேர்ந்துகொண்டார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பாவெங்கும் எழுந்துகொண்டிருந்த, ஒரே அச்சில் வார்த்த குடியிருப்புகளின்மீது அந்தக் குழுவுக்குக் கோபம் இருந்தது. அந்தக் கோபத்தை அளவுகோலும் செங்கல்லுமாக மாற்றியதுதான் ஹெர்ட்ஸ்பெர்கரின் வாழ்நாள் வேலை என்று நான் நினைக்கிறேன்.

அந்தக் காலத்தில் இந்தச் சிக்கலுக்குப் பலரும் சொன்ன மருந்து, நெகிழ்வு. எதற்கும் பயன்படுகிற வெற்றுக்கூடம் ஒன்றைக் கட்டிவிட்டால், தேவைக்கேற்பத் தடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஹெர்ட்ஸ்பெர்கருக்கு அதில் நம்பிக்கை இல்லை. எல்லாவற்றுக்கும் பொருந்தும்படி செய்தது எதற்கும் சரியாகப் பொருந்தாது என்பது அவர் வாதம். எனக்கு அதைப் புரியவைக்கப் புத்தகம் தேவைப்படவில்லை. நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் பல்நோக்குக் கூடம் ஒன்று இருந்தது. அதன் மடக்குத் தடுப்பைத் திறக்கும் சாவி யாரிடம் இருக்கிறது என்று தேடுவதுதான் அங்கே நடந்த முக்கியமான நிகழ்ச்சி.

நெகிழ்வுக்கு மாற்றாக அவர் முன்வைத்த சொல் 'பாலிவேலன்ஸ்'. வேதியியலில் ஒரு தனிமத்தின் இணைதிறன் என்கிறோமே, அதற்கான ஆங்கிலச் சொல்லும் இதுவும் ஒரே வேரில் பிறந்தவை. வடிவம் மாறுவதில்லை, அது ஏற்கும் பயன்கள் மாறுகின்றன. தமிழில் இதற்குச் சிலேடை என்று பெயர் வைத்தாலும் தகும். சிலேடையில் ஓர் எழுத்தும் இடம் மாறாது. படிப்பவர் எப்படிப் பிரித்துப் படிக்கிறார் என்பதைப் பொறுத்துப் பொருள் இரண்டாகும். ஆனால் எந்த வரியும் தானாகச் சிலேடை ஆகிவிடாது. அதற்கென்றே அளந்து எழுத வேண்டும்.

கட்டடத்தில் இந்த அளவு எங்கே இருக்கிறது? பெரும்பாலும் சென்டிமீட்டர்களில். தரையிலிருந்து ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் உயரத்தில் விளிம்பு ஒன்று இருந்தால் பெரியவர்கள் உட்காருவார்கள். 75 சென்டிமீட்டர் என்றால் பையையோ காபிக் கோப்பையையோ வைப்பார்கள். ஒரு மீட்டரைக் கொஞ்சம் தாண்டினால் முழங்கையை ஊன்றிக்கொண்டு பேசத் தொடங்குவார்கள். 20 சென்டிமீட்டர் அகலமுள்ள சுவர் வெறும் சுவர். அதையே 40 ஆக்கினால் இருக்கை. கூடுதல் செலவு சில செங்கற்கள்தான். திண்ணை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு நகர ஆசையாக இருக்கிறது. ஆனால் திண்ணைக்கு ஒரு வீட்டுக்காரர் உண்டு. ஹெர்ட்ஸ்பெர்கர் இதே காரியத்தைப் படிக்கட்டின் ஓரத்திலும் தூணின் அடியிலும் வகுப்பறை வாசலிலும், யாருக்கும் தனியாகச் சொந்தமில்லாத இடங்களில் செய்து பார்த்தார்.

டெல்ஃப்ட் பள்ளியின் வகுப்பறைகள் 'ட' எழுத்தைப்போல மடங்கியவை, இரண்டு மட்டங்களாகப் பிரிந்தவை. களிமண், வண்ணம் என்று கையை அழுக்காக்கும் வேலைகள் தாழ்ந்த பகுதியில். கவனம் தேவைப்படும் வேலைகள் உயர்ந்த பகுதியில். மேலே உட்கார்ந்து கணக்குப் போடும் குழந்தையின் கண்ணில் கீழே நடக்கும் அமர்க்களம் படாது. நின்றுகொண்டிருக்கும் ஆசிரியைக்கோ இரண்டும் தெரியும். மாண்டிசோரி முறையில் ஆளுக்கொரு வேலை ஒரே நேரத்தில் நடக்கும் என்பதால் இந்த மடிப்பு அவசியம். சதுர அறை என்றால் 'எல்லோரும் கரும்பலகையைப் பாருங்கள்' என்று அதுவே சொல்லிவிடும்.

இந்த முறையைத் தந்த மரியா மாண்டிசோரிக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1939-இல் நெதர்லாந்திலிருந்து சென்னைக்கு வந்து அடையாற்றில் ஆசிரியர் பயிற்சி நடத்தியவர், போர் மூண்டதால் திரும்ப முடியாமல் கொடைக்கானலில் சில காலம் தங்கினார். பிறகு நெதர்லாந்துக்கே திரும்பி, 1952-இல் அங்கேயே காலமானார்.

அலுவலகத்துக்கும் இந்தச் சிலேடை செல்லுமா? ஆபெல்டோர்ன் நகரில், சென்ட்ரால் பெஹேர் காப்பீட்டு நிறுவனத்துக்காக 1972-இல் ஹெர்ட்ஸ்பெர்கர் முடித்த கட்டடம் அந்தச் சோதனை. சுமார் ஆயிரம் பேருக்கான அலுவலகத்தை ஒரே மண்டபமாகக் கட்டாமல், சிறு சிறு சதுரத் தளங்களாக உடைத்து அடுக்கினார். தளங்களுக்கு நடுவே இடைவெளி, அதன் உச்சியில் கண்ணாடிக் கூரை. வெளிச்சம் அந்த இடைவெளி வழியாகக் கீழ்த்தளம்வரை இறங்கும். எதிர்த் தளத்தில் வேலை செய்பவரின் தலையும் தெரியும்.

இதில் நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்த விஷயம் தூண்கள் நிற்கும் இடம். வழக்கமாகச் சதுரத் தளத்தைத் தாங்கும் தூண்களை நான்கு மூலைகளில் நிறுத்துவார்கள். இங்கே மூலைகள் காலியாக இருக்கின்றன. ஒவ்வொரு பக்கத்தின் நடுப்பகுதியில் இரண்டிரண்டு தூண்கள் நிற்கின்றன. மூலைகள் அந்தரத்தில் நீண்டிருக்கின்றன. விழுந்துவிடாதா? வீட்டிலேயே சோதிக்கலாம். மெல்லிய பலகை ஒன்றின் இரு முனைகளிலும் செங்கல் வைத்து, மேலே புத்தகங்களைச் சீராகப் பரப்புங்கள், நடுவில் தொய்யும். இப்போது இரண்டு செங்கற்களையும் பலகை நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு உள்ளே தள்ளுங்கள். வெளியே நீளும் முனைகளின் பாரம் கீழ்நோக்கி அழுத்த, நடுப்பகுதி நெம்புகோல்போல மேலெழ முயலும். பலகையை வளைக்கும் திருப்புவிசை, முன்பிருந்த உச்ச அளவில் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். தாங்கிகளை இன்னும் உள்ளே கொண்டுபோனால் இந்த ஆதாயம் குறையும். ஆனாலும் முனைத் தாங்கிகளைவிட மேல்தான், வெகுதூரம் போகாதவரை.

இப்படி விடுதலையான மூலைதான் ஊழியர்களின் இடமாயிற்று. தளத்தின் நடுவே சிலுவை வடிவில் நடைவழி போக, நான்கு மூலைகளிலும் சிறு குழுக்கள் உட்கார்ந்தன. சுவர்கள் பூசப்படாத கான்கிரீட் கற்கள். சாம்பல் நிறம், கொஞ்சம் முரட்டுத்தனம். வேண்டுமென்றே அரைகுறையாக விட்டதுதான். ஊழியர்கள் தொட்டிச்செடிகளையும் படங்களையும் வீட்டிலிருந்து கொண்டுவந்து மீதியை முடித்தார்கள். தறியை வைத்து அவரே விளக்குவதுண்டு: கட்டுமானம் பாவு நூல், வாழ்கிறவர்கள் கோக்கும் ஊடு நூலில்தான் நிறம் வரும்.

குறை இல்லாமல் இல்லை. எல்லாப் பக்கமும் நுழையலாம் என்று கட்டியதால், எது வாசல் என்று தெரியாமல் வந்தவர்கள் தடுமாறினார்கள். அந்த நிறுவனமும் ஒரு கட்டத்தில் அந்த இடத்தை விட்டு வெளியேறிவிட்டது. பலகைத் தொய்வைக் கணக்கிடுவதுபோல மனிதர்கள் எங்கே செடி வைப்பார்கள் என்று கணக்கிட முடியாது. ஆயினும், வைக்க ஓர் இடம் விட்டிருக்கிறோமா என்பது கட்டுபவர் கையில் இருக்கிறது.

அப்படி இடம் விட்டதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு கதவு. ஆம்ஸ்டர்டாமில் 1974-இல் முடிந்த டி டிரி ஹோவன் முதியோர் இல்லத்தில், தாழ்வாரத்தைப் பார்த்த கதவுகள் குறுக்காக இரண்டாகப் பிளந்தவை. மேல்பாதியைத் திறந்து கீழ்ப்பாதியைச் சாத்திக்கொள்ளலாம். முழுக்கதவையும் திறந்து வைத்தால் 'வாருங்கள்' என்று அர்த்தம், சாத்தினால் 'வேண்டாம்'. தனியாக இருக்கும் ஒரு முதியவருக்கு இரண்டுமே சங்கடம். பாதி திறந்த கதவில் முழங்கையை ஊன்றிக்கொண்டு போகிறவரிடம் நாலு வார்த்தை பேசலாம். அவரை உள்ளே அழைத்தே தீர வேண்டிய கட்டாயம் இல்லை.

1970 முதல் 1999 வரை டெல்ஃப்டில் பேராசிரியராக இருந்த ஹெர்ட்ஸ்பெர்கர், 1990-இல் ஆம்ஸ்டர்டாமில் பெர்லாகே என்ற கட்டடக்கலைக் கல்வி நிலையத்தைத் தொடங்கி, 1995 வரை தலைமை வகித்தார். பிரிட்டனின் கட்டடக்கலைஞர் கழகம் 2012-க்கான அரச தங்கப் பதக்கத்தை அவருக்கு அளித்தது. வகுப்பில் அவர் காட்டிய படங்களில், ஆளில்லாத பளபளப்பான கட்டடங்களைவிடப் படியில் உட்கார்ந்திருப்பவர்களும் சுவரில் சாய்ந்திருப்பவர்களுமே நினைவில் நிற்கிறார்கள்.

மறுபடி டெல்ஃப்ட் பள்ளிக்கு. மழலையர் கூடத்தில் மேடைக்கு நேரெதிரான ஒன்று இருக்கிறது: தரையில் சதுரமாக ஒரு பள்ளம். அதை நிரப்பியபடி சிறிய மர முக்காலிகள். முக்காலிகளை எடுத்துச் சுற்றிலும் போட்டால் கதை கேட்கும் வட்டம், வரிசையாக வைத்தால் ரயில், அடுக்கினால் கோபுரம். இதுவரை எல்லாம் வடிவமைத்தவர் எதிர்பார்த்திருக்கக்கூடியவை. பிறகு ஒரு நாள் பிள்ளைகள் காலியான பள்ளத்தின் விளிம்பில் பலகை ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். பள்ளம் நீச்சல்குளமாயிற்று, பலகையிலிருந்து ஒவ்வொருவராகக் குதித்தார்கள்.