தொழிலாளர் இழப்பீடு எப்போது ‘நிவாரணம்’ ஆயிற்று?

இயந்திரத்தில் கை சிக்கியோ, சாரம் சரிந்தோ, கொதிகலன் வெடித்தோ தொழிலாளர் ஒருவர் ஊனமுற்றார் அல்லது இறந்தார் என்ற செய்தியின் கடைசிப் பத்தி பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கிறது: ‘நிர்வாகத்தின் சார்பில் பாதிக்கப்பட்டவரின் குடும்பத்துக்கு நிவாரணம் வழங்கப்பட்டது.’ அரசு அறிவிக்கும் உதவியைப் பற்றிய செய்தி என்றால் இந்தச் சொல்லைக் குறை சொல்ல முடியாது. வேலை வாங்கியவர் வேலை செய்தவருக்குச் சட்டப்படி கொடுத்தே தீர வேண்டிய பணத்தையும் இதே சொல்லால் எழுதுவதைத்தான் ஏற்க முடியவில்லை. ‘தொழிலாளர் காம்பென்சேஷன்’ என்பதற்கு இழப்பீடு என்ற தெளிவான தமிழ்ச்சொல் பல காலமாகப் புழங்கிவரும்போது, அதை ஒதுக்கிவிட்டு நிவாரணத்தை நாடுவதற்குப் பழக்கம் தவிர வேறு காரணம் எதுவும் புலப்படவில்லை.

முதலில் சொற்பிறப்பு. ‘காம்பென்சேஷன்’ இலத்தீன் மொழியின் ‘காம்பென்சாரே’ என்னும் வினையிலிருந்து வந்தது. ஒன்றுக்கு எதிராக மற்றொன்றை வைத்து எடைபோடுதல் என்பது அதன் பொருள். தமிழில் ‘இடு’ என்னும் வினையின் முதல் நீண்டு ‘ஈடு’ என்னும் பெயர் ஆகிறது. கெடு கேடு ஆனதும், படு பாடு ஆனதும், பெறு பேறு ஆனதும் இவ்வாறே. ஒன்றின் இடத்தில் இடப்படுவது, அதற்குச் சமமாக நிற்பது ஈடு. ஈடுகட்டுதல், ஈடுகொடுத்தல், ஈடிணை ஆகிய எல்லாவற்றிலும் அந்தச் சமநிலைப் பொருள் இருக்கிறது. இழப்புக்கு ஈடு இழப்பீடு. இதற்கு மேல் இதில் பிரித்துக் காட்ட ஒன்றும் இல்லை.

‘நிவாரணம்’ வடசொல். தடுத்தல், விலக்குதல், போக்குதல் என்பன அதன் பொருள்கள். வலியைப் போக்கும் மாத்திரையை வலிநிவாரணி என்கிறோம். புயல் நிவாரணம், வெள்ள நிவாரணம் என்று சொல்வதும் பொருத்தமே. ஏனென்றால் புயலுக்குக் கடன்காரர் யாரும் இல்லை. துன்பம் வந்துவிட்டது, அதைக் கொஞ்சம் தணிக்க வேண்டும், தணிப்பவர் தாமாக முன்வந்து தணிக்கிறார் என்ற மூன்று கருத்துகளும் அந்தச் சொல்லுக்குள் அடங்கியுள்ளன. வடசொல் என்பதற்காக அதை இங்கே மறுக்கவில்லை. ‘நஷ்டஈடு’ என்பதிலும் பாதி வடமொழிதான். இலங்கையில் அது நட்டஈடு ஆகிச் சட்டத்தின் பெயரிலேயே இடம்பெற்றிருக்கிறது. தூய்மை பார்ப்பவர்கள் அதைத் தள்ளலாம். பொருள் பார்ப்பவர்கள் தள்ள மாட்டார்கள். நஷ்டஈடு என்று எழுதுபவரும் ஓர் இழப்பு நேர்ந்தது என்பதையும் அதற்கு ஈடு தர ஒருவர் கடமைப்பட்டிருக்கிறார் என்பதையும் விடாமல் சொல்லிவிடுகிறார். நிவாரணம் என்று எழுதுபவர் இரண்டையும் விட்டுவிடுகிறார்.

இந்தக் கடமை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் சொல்லின் முக்கியத்துவமும் விளங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆலைத் தொழிலாளி விபத்துக்குப் பின் வழக்குத் தொடுத்தால், முதலாளி மூன்று பதில்களைத் தயாராக வைத்திருந்தார்: உன் கவனக்குறைவும் இதில் சேர்ந்திருக்கிறது, தவறு செய்தவன் உன் சக தொழிலாளி, நான் அல்ல, ஆபத்து இருப்பது தெரிந்துதான் நீ வேலைக்கு வந்தாய். இங்கிலாந்தின் நீதிமன்றங்கள் இந்த மூன்றையும் ஏற்றுக்கொண்டதால் பெரும்பாலோர் வெறுங்கையோடு திரும்பினார்கள். ஜெர்மனி 1884இல் விபத்துக் காப்பீட்டுச் சட்டத்தையும், பிரிட்டன் 1897இல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தையும் கொண்டுவந்தபோது இந்தக் கேள்விகள் பின்னுக்குத் தள்ளப்பட்டன. யார் தவறு என்று தொழிலாளி நிறுவ வேண்டியதில்லை. வேலை காரணமாகவும் வேலையினூடேயும் காயம் நேர்ந்ததா என்பதே கேள்வி. இதற்கு மாற்றாகத் தொழிலாளி ஒன்றை விட்டுக்கொடுத்தார். பட்ட வலிக்கும் மனவேதனைக்கும் தனியாகப் பணம் கேட்கும் வழி இதில் இல்லை; சட்டம் வகுத்த கணக்குப்படி வருவது மட்டுமே கிடைக்கும். ஆக, வலிக்குப் பணம் தராத ஒரு சட்டத்தின் தொகைக்கு, வலியைப் போக்குவது என்று பொருள்படும் சொல்லைத் தேடிப்பிடித்து வைத்திருக்கிறோம்.

இந்தியாவில் இச்சட்டம் 1923இல் இயற்றப்பட்டது. 2009ஆம் ஆண்டுத் திருத்தம் அதன் பெயரில் இருந்த ‘வொர்க்மென்’ என்னும் சொல்லை எடுத்துவிட்டு ‘எம்ப்ளாயி’ என்று ஆக்கியது; தமிழில் பணியாளர் இழப்பீடு என்று சொல்லலாம். அண்மையில் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதைத் தன்னுள் எடுத்துக்கொண்டது. பெயர்கள் மாறினாலும் உள்ளே இருக்கும் தர்க்கம் மாறவில்லை.

நிவாரணத்துக்காக வாதாடுபவர்கள் சொல்லும் காரணங்களில் வலுவானது ஒன்று உண்டு. போன கைக்கும் போன உயிருக்கும் ஈடு ஏது, இழப்பீடு என்று சொல்வது உயிருக்கு விலை வைப்பதுபோல் ஆகாதா, துயரத்தில் இருக்கும் குடும்பத்தின் முன் நிவாரணம் என்பதே நாகரிகமான சொல் அல்லவா என்கிறார்கள். கேட்பதற்கு நெகிழ்ச்சியாக இருக்கிறது, ஆனால் சட்டம் எதை அளக்கிறது என்று அவர்கள் பார்க்கவில்லை. அது கையை விலை பேசவில்லை. கை போனதால் குறைந்த சம்பாதிக்கும் திறனை அளக்கிறது. 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கட்டைவிரலை இழந்தால் 30 விழுக்காடு, ஆள்காட்டி விரலை முழுதாக இழந்தால் 14 விழுக்காடு, அதன் ஒரு கணுவை மட்டும் இழந்தால் 9 விழுக்காடு என்று வரிசையாக எழுதியிருக்கும். படிக்கச் சற்று உறைக்கும். ஆனால் அந்த விழுக்காடுகள் விரலின் மதிப்பைக் குறிப்பவை அல்ல, அந்த மனிதரின் உழைப்புத் திறனில் குறைந்த பங்கைக் குறிப்பவை.

கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். சட்டம் கணக்கில் எடுத்துக்கொள்ளும் மாதச் சம்பளத்தின் உச்சவரம்பு 2020 ஜனவரியில் 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. முப்பது வயதுள்ள ஒருவர் அந்த வரம்பில் சம்பளம் பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நிலையான முழு ஊனத்துக்குச் சம்பளத்தின் 60 விழுக்காட்டை, அதாவது 9,000 ரூபாயை, வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். முப்பது வயதுக்கு அந்தக் காரணி 207.98. பெருக்கினால் 18,71,820 ரூபாய். ஆள்காட்டி விரலை இழந்தவருக்கு அதில் 14 விழுக்காடு, ஏறத்தாழ 2,62,055 ரூபாய். இறந்துபோனால் 60க்குப் பதில் 50 விழுக்காட்டைக் கொண்டு அதே கணக்கு. வயது கூடக்கூடக் காரணி குறைகிறது, நாற்பது வயதில் 184.17 ஆகிறது; சம்பாதிக்க எஞ்சியிருக்கும் ஆண்டுகள் குறைவு என்பதே காரணம். சம்பளம், வயது, திறன் குறைவு என்ற மூன்றையும் வைத்து இவ்வளவு நுணுக்கமாகக் கணக்கிட்டு வரும் தொகையை யாராவது இரக்கத்தால் தந்தது என்று சொல்ல முடியுமா?

வட்டியையும் பாருங்கள். தொகை தரவேண்டிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் செலுத்தாவிட்டால் ஆண்டுக்கு 12 விழுக்காடு தனிவட்டி சேரும். தாமதத்துக்கு நியாயமான காரணம் இல்லையென்றால் தொகையில் பாதி வரை அபராதமும் விதிக்கலாம். கடனுக்கு வட்டி உண்டு, நிவாரணத்துக்கு வட்டி கேட்டவர் எவரும் இல்லை.

சொல்லோடு ஒட்டிவரும் வினைகளும் பொருளைக் காட்டிக்கொடுக்கின்றன. நிவாரணம் ‘அறிவிக்கப்படுகிறது’, ‘வழங்கப்படுகிறது’. இழப்பீடு ‘கோரப்படுகிறது’, ‘கணக்கிடப்படுகிறது’, ‘செலுத்தப்படுகிறது’. முதல் வகை வாக்கியங்களில் கொடுப்பவர் நடுநாயகமாக நிற்கிறார். வழக்காடும் தமிழில் ‘ரிலீஃப்’ என்பதற்கும் நிவாரணம் என்று எழுதும் வழக்கம் உண்டு, அந்தப் பொருளில் நிவாரணம் கோருகிறோமே என்று சிலர் மடக்குவார்கள். அங்கே அது நீதிமன்றம் அளிக்கும் பரிகாரத்தின் பெயர். முதலாளி செலுத்தும் பணத்தின் பெயர் அல்ல. இன்னொரு முரணையும் இங்கே சொல்லியாக வேண்டும். சாலைக்காக நிலம் கையகப்படுத்தப்பட்டால் அதே செய்தித்தாள்கள் ‘நில உரிமையாளர்களுக்கு இழப்பீடு’ என்று பிழையில்லாமல் எழுதுகின்றன. நிலம் போனால் இழப்பீடு, கை போனால் நிவாரணம் என்று பிரித்துக் கொடுத்தது எந்த அகராதி என்று தெரியவில்லை.

இதனால் என்ன குடி முழுகிவிடும் என்பவர்களுக்கு ஒரு நடைமுறைப் பதில் உண்டு. விபத்து நடந்த சில நாட்களில் குடும்பத்தார் முன் ஒரு தாள் நீட்டப்படுகிறது. ‘மேற்படி நிவாரணத் தொகையை முழுமனதுடன் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் எனக்கு இல்லை’ என்ற வாசகத்தின் கீழ் கையெழுத்தோ கைநாட்டோ கேட்கப்படுகிறது. கிடைத்ததே பெரிது என்ற மனநிலையை ‘நிவாரணம்’ என்ற சொல் முன்கூட்டியே தயார்செய்துவிடுகிறது. உண்மையில், சட்டம் தரும் உரிமையைக் கைவிடுவதாக எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. இறப்பு நேர்ந்த இடத்தில் இழப்பீட்டைக் குடும்பத்தின் கையில் நேராகக் கொடுப்பதும், ஒரு சிறிய முன்பணம் தவிர, சட்டப்படி இழப்பீடு கொடுத்ததாக ஆகாது. இதற்கென அரசு அமர்த்திய அதிகாரியிடம் செலுத்த வேண்டும், அவர் பங்கிட்டுக் கொடுப்பார். ஒப்பந்தக்காரரின் ஆள் என்று சொல்லி முதன்மை முதலாளி விலகிக்கொள்ளவும் முடியாது. தம் தொழிலின் பகுதியான வேலையை ஒப்பந்தத்துக்கு விட்டிருந்தால் முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டியவர் அவரே. கோரிக்கையை இரண்டு ஆண்டுகளுக்குள் எழுப்ப வேண்டும் என்ற காலவரம்பு இருப்பதால், நிவாரணம் வாங்கிவிட்டோம் என்று பேசாமல் இருந்துவிடுபவர்களுக்குத்தான் நட்டம். விதிவிலக்குகளும் உண்டு: மூன்று நாட்களுக்கு மேல் நீடிக்காத இயலாமைக்குப் பணம் இல்லை, குடிபோதையாலோ, பாதுகாப்பு ஏற்பாட்டை வேண்டுமென்றே கழற்றியதாலோ நேர்ந்த காயத்துக்கும் இல்லை. ஆனால் இறப்பும் நிலையான முழு ஊனமும் நேர்ந்த இடத்தில் இந்தப் போதை வாதம் எடுபடாது என்பதைப் பலர் அறிவதில்லை.

தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் இருப்பவர்களின் நிலை வேறு. வேலையில் காயம்பட்டு ஓய்வில் இருக்கும் நாட்களுக்குச் சம்பளத்தின் 90 விழுக்காடு அங்கே கிடைக்கும். அதே காயத்துக்கு முதலாளியிடம் இழப்பீடு கேட்க முடியாது. அதை ‘உதவித்தொகை’ என்று எழுதுகிறார்கள். மாதந்தோறும் சம்பளத்தில் பிடித்தம் செய்து கட்டிய சந்தாவின் பயன் எப்படி உதவி ஆகும்? காப்பீட்டுப் பயன் என்றால் போதும்.

மொழிபெயர்ப்பாளர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இழப்பீடு என்று எழுத வேண்டிய இடத்தில் எழுதாதவர்கள், எழுதக் கூடாத இடத்தில் தாராளமாக எழுதுகிறார்கள். வேலைவாய்ப்பு விளம்பரங்களில் ‘கவர்ச்சிகரமான இழப்பீடு’, ‘இழப்பீட்டுத் தொகுப்பு’ என்று வரத் தொடங்கியிருக்கிறது. ஆங்கிலத்தில் செய்த வேலைக்கு எதிராக எடைபோட்டுத் தருவதையும் அந்த ஒரே சொல் குறிக்கும். தமிழில் அதற்கு ஊதியம், சம்பளம் என்று வேறு சொற்கள் இருக்கின்றன. வேலையில் சேரும் முன்னரே இழப்பீட்டைப் பற்றிப் பேசும் நிறுவனத்தில் யார் துணிந்து சேருவார்? இதேபோல் ‘டிபென்டன்ட்ஸ்’ என்பதை ‘வாரிசுகள்’ என்று பெயர்ப்பதும் விபரீதத்தில் முடிகிறது. சட்டம் வாரிசைக் கேட்கவில்லை. இறந்தவரின் வருவாயைச் சார்ந்திருந்தவரைக் கேட்கிறது. நல்ல உடல்நலத்தோடு சம்பாதிக்கும் வயதுவந்த மகன் வாரிசாக இருப்பான், ஆனால் அவன் சார்ந்திருப்பவர் பட்டியலில் வரமாட்டான். மனைவியும் சிறுவயதுப் பிள்ளைகளும் விதவைத் தாயும் வருவார்கள். ‘சார்ந்திருப்போர்’ என்ற எளிய சொல் இருக்க, வாரிசு என்று எழுதிவிட்டு, பங்கீட்டின்போது மகனுக்கும் தாய்க்கும் இடையே சண்டை மூட்டுகிறோம்.

ஆகவே, விபத்துச் செய்தி எழுதுபவர்கள் இரண்டு தொகைகளையும் இரண்டு பெயர்களால் எழுதட்டும். அரசு தன் நிதியிலிருந்து அறிவிப்பது நிவாரணம். அதை எக்ஸ் கிரேஷியா என்று ஆணையில் குறித்திருந்தால் கருணைத்தொகை என்றும் சொல்லலாம். அது வந்துவிட்டதால் முதலாளியின் பொறுப்பு தீர்ந்துவிடாது. ‘குடும்பத்துக்கு அரசு நிவாரணம் அறிவித்துள்ளது, நிர்வாகம் செலுத்த வேண்டிய இழப்பீடு இன்னும் உரிய அதிகாரியிடம் செலுத்தப்படவில்லை’ என்று செய்தியின் கடைசிப் பத்தியில் எழுதுவதற்கு ஒரு வரிதான் கூடுதலாகத் தேவைப்படும்.