பால்சா: பாலாற்று மணலில் பறந்த மரம்

பால்சா: மாதிரி விமானம் கட்டுவதற்கு உகந்த, மிக இலேசான மரம். தமிழில் 'புணைமரம்' எனலாம்.

அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில், 1970களில், வேலூரில் விமானம் செய்து விளையாடிய எங்களுக்கு இந்தச் சொல்லில் ஐயமே எழுந்ததில்லை. பலகை பால்போல் வெளுத்திருக்கும், ஆகவே பால்சா. பாலாற்றங்கரைப் பிள்ளைகளுக்கு வேறு எப்படித் தோன்றும்?

உண்மையில் அது ஸ்பானியச் சொல், பொருள், தெப்பம். தென் அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு வந்த ஸ்பானியர், அங்குள்ளவர்கள் மரங்களைப் பிணைத்துப் பாய் விரித்துக் கடலில் செல்வதைக் கண்டார்கள். தெப்பத்துக்கு வைத்த பெயரே மரத்துக்கும் நின்றுவிட்டது. 1947இல் நார்வேயின் தோர் ஹெயர்டால் பெருவிலிருந்து 'கோன்-டிக்கி' என்ற தெப்பத்தில் ஐந்து துணைவருடன் பசிபிக்கில் 101 நாள் மிதந்தாரே, அந்தத் தெப்பமும் பால்சாதான். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனின் மஸ்கிட்டோ விமானத்துக்கு ஒட்டுப்பலகைகளின் நடுவே வைத்ததும் இதையே.

மரம் நமக்கு முற்றிலும் அயலானதல்ல. நம் இலவ மரத்தின் உறவு அது. காய் வெடித்தால் பஞ்சு பறக்கும். ஒரு கன மீட்டர் தேக்கு 600 கிலோவைத் தாண்டும். பால்சா ஏறக்குறைய 160 கிலோதான்.

அந்த எடை எனக்குக் கையால் தெரியும். சென்னைக்குப் போய்வந்த அண்ணன், நாளிதழில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த பலகையை என் உள்ளங்கையில் வைத்தார். காகிதத்தைப் பிரித்த பிறகுதான் உள்ளே மரம் இருப்பதையே நம்பினேன். அதற்கு முன் கல்யாண முருங்கைக் கட்டையைச் செதுக்கிப் பார்த்திருந்தோம். காயக் காய முறுக்கிக்கொண்டு வெடித்தது. பால்சாவோ சவர பிளேடுக்கே இணங்கும். இழையோடு போனால் வெண்ணெய். குறுக்கே அவசரப்பட்டால் நார் நாராகப் பிய்ந்துவிடும். மெல்லிய தாளை ஒட்டி, நீர் தெளித்துக் காயவைத்தால், இறக்கை உறுமியின் தோல்போல இறுகும். விரலால் சுண்டினால் ஓசை வரும். அந்த ஓசையை இன்றும் மறக்கவில்லை.

இனித் தமிழ்ச்சொல். 'தக்கை மரம்' என்றால் புட்டி மூடும் தக்கை நினைவுக்கு வரும். அது வேறொரு மரத்தின் பட்டை. 'நெட்டி' குளத்துச் செடி. 'தெப்பமரம்' தவறில்லை, ஆனால் தெப்பம் என்றதும் கோயில் குளமும் திருவிழாவும் முன்னால் வந்து நிற்கின்றன. 'கட்டுமரம்' ஏற்கெனவே ஒரு கலத்தின் பெயராக ஊன்றிவிட்டது. எனக்குப் பிடித்தது புணை, தெப்பத்துக்கு நம் பழைய சொல். 'நீர்வழிப்படூஉம் புணைபோல்' என்ற புறநானூற்று வரி நாம் அறிந்ததே. சினம் 'இனமென்னும் ஏமப் புணையைச் சுடும்' என்கிறது குறள். பிணைத்துக் கட்டியது என்பதும், துணையாய்த் தாங்குவது என்பதும் அந்த ஒரே சொல்லில் இருக்கின்றன. குச்சிகளைப் பிணைத்துக் காற்றில் தாங்கவிடும் விமானத்துக்கு இதைவிடப் பொருத்தமான மரப்பெயர் கிடைக்குமா? வழக்கில் 'பால்சா' தொடரட்டும். எழுதும்போது ஒருமுறையாவது 'புணைமரம்' என்று எழுதுங்கள்.

எங்கள் புணைமரத்துக்கு நீர் வாய்க்கவில்லை. மே மாதத்துப் பாலாறு முழுக்க மணல். விமானத்தின் முன்விசிறியைச் சுழற்றும் ரப்பரை முறுக்கி, அண்ணன் அந்த விசிறியைப் பிடித்துக்கொள்ள, நான் வாலைத் தாங்கி நின்றேன். 1871இல் பாரிஸ் பூங்காவில் பிரெஞ்சுக்காரர் அல்போன்ஸ் பெனோ பறக்கவிட்ட மாதிரி விமானமும் இதே முறுக்கிய ரப்பரில் ஓடியதுதான். ஏறக்குறைய 11 வினாடி பறந்தது. எங்களுடையது முறுக்கு தீர்ந்த பிறகும் இறங்கவில்லை. சூடேறிய மணலிலிருந்து எழுந்த காற்று அதைத் தூக்கிக்கொண்டது. வட்டமிட்டு, வட்டமிட்டு, காட்பாடிப் பக்கமாக ஒரு வெள்ளைப் புள்ளியாகி மறைந்தது. அண்ணன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சுடும் மணலில் அதன் பின்னால் வெகுதூரம் ஓடினார்.