சமத்தாகத் தூங்கும் பிள்ளையின் பாதத்தைத் தொட்டுப் பாருங்கள்

சென்ற மார்கழியில் ஒரு காலை, வயலில் பனிகூட விலகவில்லை. மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி, மகளையும் பிறந்து ஐந்து நாளான பேத்தியையும் அழைத்து வந்தார். எடை பார்க்கத்தான் வந்தார்கள். "ரொம்ப சமத்துங்க டாக்டர். ராத்திரியிலேருந்து பாலுக்குக்கூட அழலை."

துணியை விலக்கிப் பாதத்தைத் தொட்டேன். சில்லென்றிருந்தது. வயிறும் அப்படியே. அக்குளில் வைத்த தெர்மாமீட்டர் 35.4 டிகிரி செல்சியஸ் காட்டியது. இருக்க வேண்டியது 36.5 முதல் 37.5 வரை. பிறந்த எடையே 2 கிலோ 100 கிராம்தான். விடியற்காலையில் தலைக்கு ஊற்றியிருக்கிறார்கள்.

"குளிர்ந்தா நடுங்குமே, இது நடுங்கலையே?" என்று பாட்டி கேட்டார். பல வீடுகளில் இருக்கும் சந்தேகம் இது.

நமக்குக் குளிரெடுத்தால் தசை நடுங்கிச் சூடு தரும். பச்சிளங்குழந்தைக்கு அப்படி நடுங்க வராது. அதற்குப் பதிலாகத் தோள்பட்டைகளுக்கு நடுவிலும், கழுத்திலும், சிறுநீரகங்களைச் சுற்றியும் பழுப்புக் கொழுப்பு இருக்கிறது. தொப்பையில் சேரும் வெள்ளைக் கொழுப்பு சேமிப்பு, இது அடுப்பு. இதன் செல்களில், ஆற்றலை உண்டாக்கும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியா நிறைந்திருக்கும். அதிலுள்ள இரும்பால்தான் அந்தப் பழுப்பு நிறம். யுசிபி1 என்ற புரதம், செல்லின் வேலைக்குப் போக வேண்டிய ஆற்றலை மடைமாற்றிச் சூடாகவே வெளியே விடுகிறது.

அடுப்பென்றால் விறகு வேண்டுமே. கொழுப்பும் சர்க்கரையும் ஆக்சிஜனும் செலவாகும். நேரமாக ஆக ரத்தச் சர்க்கரை இறங்கும், மூச்சு வாங்கும், பால் இழுக்கத் தெம்பு இருக்காது. அழக்கூடத் தெம்பில்லாமல் கிடப்பதைத்தான் சமத்து என்று நினைத்துவிடுகிறோம். இந்தக் கொழுப்பு கர்ப்பத்தின் கடைசி மாதங்களில்தான் சேர்கிறது. அதனால் குறைமாதக் குழந்தைகளுக்கு இன்னும் குறைவு.

"நாங்க மார்கழியில ஆத்துல முங்கி வளர்ந்தவங்க" என்றார் பாட்டி. உண்மைதான். பெரியவர்கள் உடலிலும் பழுப்புக் கொழுப்பு வேலை செய்வது 2009இல் ஸ்கேன் ஆய்வுகளில் உறுதியானது. நாள்தோறும் குளிரில் பழகினால் நடுக்கம் குறைந்து அது கூடுதலாக உழைக்கும். ஐந்து நாள் பிள்ளையை அப்படிப் பழக்க முடியாது.

சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு, குழந்தைக்குக் குல்லாவும் நாப்கினும் மட்டும் போட்டு, தாயின் வெறும் மார்பில் படுக்கவைத்துப் போர்த்தினோம். பாலைப் பீய்ச்சிச் சங்கில் புகட்டினோம். இரண்டு மணி நேரத்தில் 36.7. அப்புறம் வீறிட்டு அழுதாள்.

வீட்டில் தெர்மாமீட்டர் இல்லையா? புறங்கையால் பாதத்தையும் வயிற்றையும் தொடுங்கள். பாதம் மட்டும் குளிர்ந்திருந்தால் உடனே மார்போடு அணைத்துப் பால் கொடுங்கள். வயிறும் குளிர்ந்திருந்தால் அணைத்தபடியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். பிறந்து 24 மணி நேரம் குளிப்பாட்டவே வேண்டாம். எடை குறைந்த பிள்ளைக்கு, எடை ஏறும்வரை வெதுவெதுப்பான ஈரத்துணியால் துடைத்து உடனே ஈரம் ஒற்றினால் போதும். சாம்பிராணிப் புகை வேண்டாம், மூச்சுக்குக் கெடுதல்.

மூன்று நாள் கழித்து மறுபடி வந்தார்கள். நான் கேட்கும் முன்பே பாட்டி புறங்கையை வயிற்றில் வைத்துப் பார்த்துவிட்டு, "கதகதன்னு இருக்குங்க" என்றார்.