மின்சாரத்துக்கு வழி சொல்லும் மின்மாற்றி

போலந்தின் தென்மேற்கு மூலையில், ஜெர்மன் எல்லையை ஒட்டி மிகுவோவா என்றொரு துணைமின் நிலையம் இருக்கிறது. அங்கே 400 கிலோவோல்ட்டில் மின்மாற்றிக்குள் நுழையும் மின்சாரம் அதே 400 கிலோவோல்ட்டில் வெளியேறுகிறது. அழுத்தம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனாலும் 2016-இல் பெருஞ்செலவில் அதை நிறுவினார்கள். எல்லைக் கம்பியில் எவ்வளவு மின்சாரம் பாயலாம் என்பதைத் தீர்மானிப்பதுதான் அதன் வேலை.

அதைப் புரிந்துகொள்ள, ஏறத்தாழ எல்லாப் பெரிய துணைமின் நிலையங்களிலும் இருக்கும் ஒரு கருவியிலிருந்து தொடங்க வேண்டும். மாலையில் பளு ஏறினால் கம்பிகளில் அழுத்தம் இறங்கும். மின்மாற்றியின் இரு சுருள்களில் ஒன்றில் சுற்றுகளைக் கூட்டியோ குறைத்தோ அதைச் சரிக்கட்டலாம். இதற்காக, பெரும்பாலும் மின்னோட்டம் குறைவாக உள்ள உயர் அழுத்தச் சுருளில், சில சுற்றுகளுக்கு ஒன்றாக முனைகளை வெளியே எடுத்து வைத்திருப்பார்கள். இவைதான் டேப்கள். ஒரு டேப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கருவி டேப் சேஞ்சர். ஒரு படிக்கு ஒரு சதவீதத்தை ஒட்டிய மாற்றம் கிடைக்கும்.

ஊருக்கே மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது டேப்பை மாற்றுவதுதான் சிக்கல். பழைய முனையை முதலில் விட்டால் மின்னோட்டம் அறுந்து தீப்பொறி வளைவு எழும். விடாமல் புதியதையும் தொட்டால் இடையிலுள்ள சுற்றுகள் குறுக்குச் சுற்றாகி எரியும். 1920-களில் ஜெர்மனியின் பெர்ன்ஹார்ட் யான்சன் இதற்கு ஒரு வழி கண்டார்: நடக்கிறவர் முன்காலை ஊன்றிய பிறகே பின்காலை எடுப்பதுபோல இரு முனைகளையும் ஒரு கணம் சேர்த்தே தொடுவது, அந்தக் கணத்தில் நடுவே மின்தடைகளை வைத்துக் குறுக்கு மின்னோட்டத்தை அடக்குவது.

அந்த மின்தடைகள் நீண்ட நேரம் தாங்காது. பாதி வழியில் நின்றால் அவை எரிந்துபோகும். அதனால் மோட்டார் நேரடியாகச் சுவிட்சைத் தள்ளுவதில்லை. ஒரு வில்சுருளை முறுக்கி வைப்பதோடு அதன் வேலை முடிகிறது. வில் விடுபட்டதும் சில பத்து மில்லி நொடிகளில் மாற்றம் முடிந்துவிடும், நடுவில் மோட்டாருக்கு மின்சாரம் போனாலும்கூட. மின்பொறியியலில் இவ்வளவு அழகாக யோசிக்கப்பட்ட இயந்திரங்கள் குறைவு என்பேன்.

டேப்பை எப்போது மாற்றுவது என்பதை, அழுத்தத்தைக் கண்காணிக்கும் ரிலே என்ற தானியங்கிக் கருவி பார்த்துக்கொள்ளும். அழுத்தம் எல்லையைத் தாண்டி, பல நொடிகள் அப்படியே நீடித்தால்தான் அது ஆணையிடும். ஆனால் கம்பிகளின் வலு குறைந்திருக்கும் நேரத்தில் இந்த நல்ல பழக்கமே ஆபத்தாகலாம். 1983 டிசம்பர் 27 அன்று ஸ்வீடனின் ஹம்ரா துணைமின் நிலையத்தில் ஓர் ஐசொலேட்டர் (கம்பியைப் பிரித்துவைக்கும் சுவிட்சு) பழுதாகி, வடக்கிலிருந்து வரும் கம்பிகளில் சில துண்டிக்கப்பட்டன. தெற்கே அழுத்தம் சரிந்தது. அழுத்தம் சரிந்தால் பளுவும் கொஞ்சம் குறையும், வலையமைப்புக்கு அது ஒரு மூச்சு. ஆனால் டேப் சேஞ்சர்கள் அழுத்தத்தை மீட்டுக் கொடுத்தன. பளு திரும்பியது, மிச்சக் கம்பிகள் திணறின. ஒரு நிமிடத்துக்குள் இன்னொரு கம்பியும் விலகி, தெற்கு ஸ்வீடன் இருண்டது. இத்தகைய தருணங்களில் டேப்களை அசையவிடாமல் பூட்டிவைக்கும் ஏற்பாடுகள் இன்று உள்ளன.

இனி மிகுவோவா. உயர் அழுத்தக் கம்பியில் வோல்ட்டைக் கூட்டிக் குறைப்பதால், வீடும் ஆலையும் பயன்படுத்தும் ஆற்றல் வேறு வழிக்குப் பெரிதாகத் திரும்பாது. அதைத் திருப்புவது கோணம். மாறுமின்னோட்டத்தின் அலை கம்பியின் இரு முனைகளிலும் ஒரே நேரத்தில் உச்சியைத் தொடுவதில்லை. முந்தித் தொடும் முனையிலிருந்து பிந்தித் தொடும் முனைக்கு ஆற்றல் பாய்கிறது. இடைவெளி கூடினால் பாய்வும் கூடும். ஒரு முழு அலையை 360 டிகிரி என்று கொண்டு இந்த இடைவெளியைக் கோணமாகச் சொல்வார்கள். 50 ஹெர்ட்ஸில் 20 டிகிரி என்பது ஒரு மில்லி நொடியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்.

அந்த இடைவெளியை மின்மாற்றியால் உண்டாக்க முடிவதற்குக் காரணம் ஆர், ஒய், பி என்ற மூன்று ஃபேஸ்கள், அதாவது வெவ்வேறு நேரத்தில் உச்சி தொடும் மூன்று கம்பிகளின் அலைகள். ஒய், பி ஃபேஸ்களுக்கு இடையிலான அழுத்தம், ஆர் ஃபேஸின் அழுத்தத்துக்குச் சரியாக 90 டிகிரி விலகி நிற்கும். அதில் ஒரு சிறு பங்கை எடுத்து ஆர் கம்பியில் தொடராகச் சேர்த்தால், அலையின் உயரம் அதிகம் மாறாமல் உச்சி தொடும் நேரம் மட்டும் நகரும். மற்ற இரண்டுக்கும் இதே முறை. எவ்வளவு சேர்ப்பது, எந்தத் திசையில் சேர்ப்பது என்பதை இங்கேயும் டேப் சேஞ்சர்தான் முடிவுசெய்கிறது.

வட ஜெர்மனியில் காற்று வலுத்தால் அந்த மின்சாரம் தெற்கிலுள்ள பவேரியாவுக்கும் ஆஸ்திரியாவுக்கும் போக வேண்டும். உள்நாட்டுக் கம்பிகள் போதாது. விற்றவரும் வாங்கியவரும் போட்ட ஒப்பந்தம் கம்பிகளுக்குத் தெரியாது. கிடைக்கும் எல்லா வழிகளிலும், தடங்கல் குறைந்த வழியில் கூடுதலாக, மின்சாரம் பிரிந்து ஓடும். அப்படி ஒரு பங்கு போலந்துக்குள்ளும் செக் நாட்டுக்குள்ளும் சுற்றிப் போனது. தாங்கள் வாங்காத, விற்காத மின்சாரத்தால் தங்கள் கம்பிகள் நிரம்பியதாக இரு நாடுகளும் முறையிட்டன. அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது என்பதே என் கருத்து. மிகுவோவாவுக்கு அடுத்த ஆண்டு, 2017-இல், செக் நாடும் ஹ்ரடெட்ஸ் துணைமின் நிலையத்தில் இதே வகை மின்மாற்றிகளை இயக்கத் தொடங்கியது.

இந்த மின்மாற்றி எந்தக் கம்பியின் கொள்ளளவையும் கூட்டாது. ஒரு வழியில் குறைத்ததை இன்னொரு வழியில் ஏற்றிவிடும். போலந்து கோணத்தைத் திருப்பினால் செக் எல்லையிலோ ஜெர்மனிக்குள்ளோ சுமை கூடும். ஆகவே எந்த டேப்பில் நிறுத்துவது என்பதை அண்டை நாடுகளின் வலையமைப்பு இயக்குநர்கள் ஒருங்கிணைந்து முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. ஜெர்மனி வடக்கையும் தெற்கையும் இணைக்க ஏறத்தாழ 700 கிலோமீட்டர் நீளத்துக்கு சூட்லிங்க் என்ற நேர்மின்னோட்டக் கேபிளைப் புதைத்துவருகிறது. அதன் வழியே எவ்வளவு ஆற்றல் செல்ல வேண்டும் என்பதை இரு முனைகளிலும் உள்ள மாற்றி நிலையங்களே நேரடியாக நிர்ணயிக்கும்.