வெயிலும் குளிரும் தாங்கும் ஹைட்ரஜன் பேட்டரி

மே மாதம் தகர ஷெட்டுக்குள் இருக்கும் பேட்டரியைத் தொட்டால் கை சுடும். செல்போன் டவர், சோலார் நிலையம் என்று பராமரிப்பு வேலை பார்க்கும் நாங்கள், பக்கவாட்டில் உப்பிப்போன லெட் ஆசிட் பேட்டரிகளை ஒவ்வொரு கோடையிலும் கழற்றுகிறோம். வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதி என்பது தொழிலில் எல்லோரும் போடும் கணக்கு. லித்தியத்துக்குக் குளிர் ஆகாது. உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உலோகமாகப் படிந்து செல்லைக் கெடுத்துவிடும். அதனால் ஏசிக்கும் ஹீட்டருக்கும் தனிச் செலவு.

இப்போது பலரும் விசாரிக்கும் நிக்கல் ஹைட்ரஜன் பேட்டரி புதுச் சரக்கு அல்ல. 1990-ல் ஹப்பிள் தொலைநோக்கியோடு விண்வெளிக்குப் போன பேட்டரிகளை 2009-ல்தான் மாற்றினார்கள். அதற்குள் ஹப்பிள் பூமியை 1 லட்சம் தடவைக்கு மேல் சுற்றிவிட்டது. சுற்றுக்கு ஒருமுறை நிழலுக்குள் போகும்போதெல்லாம் அவைதான் மின்சாரம் கொடுத்தன. அங்கே அவற்றைக் குளுமையாக வைத்திருந்தார்கள், ஒவ்வொரு முறையும் கொஞ்சம்தான் எடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சார்ஜ் ஏறும்போது தண்ணீரிலிருந்து பிரியும் ஹைட்ரஜன், செல்லின் உலோக உறைக்குள் அழுத்தத்தோடு சேர்கிறது. டிஸ்சார்ஜ் ஆகும்போது திரும்பவும் தண்ணீராகிறது. எவ்வளவு சார்ஜ் மிச்சம் என்பதை கேஸின் அழுத்தமே காட்டிவிடும். ஓவர் சார்ஜ் ஆனாலும், அப்போது உண்டாகும் ஆக்சிஜன் ஹைட்ரஜனோடு சேர்ந்து தண்ணீராகிவிடும். உள்ளே இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல். லித்தியம் பேட்டரியில் இருப்பதுபோல் தீப்பிடிக்கும் கரைப்பான் இல்லை, கடுங்குளிரிலும் எளிதில் உறையாது. ஹைட்ரஜன் பக்க மின்முனையில் வினையைத் தூண்டப் பயன்படுத்திய பிளாட்டினத்தின் விலைதான் இதைத் தரைக்கு வரவிடாமல் தடுத்தது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானி யீ சூயி குழுவினர் விலை குறைந்த உலோகங்களால் அந்த வேலையைச் செய்து காட்டினார்கள். அதிலிருந்து வந்த எனர்வென்யூ நிறுவனம், மைனஸ் 40 முதல் 60 டிகிரி வரை ஓடும் என்கிறது.

சரி, 60 டிகிரியில் ஓடும் என்றால் அங்கேயும் முழுச் சார்ஜ் நிற்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வெப்பம் ஏற ஏற நிக்கல் மின்முனை குறைவாகவே சார்ஜ் ஏற்கும். சும்மா வைத்திருந்தாலும் சார்ஜ் வேகமாக இறங்கும். பகலில் ஏற்றி இரவில் எடுக்கும் சோலாருக்கு இது பெரிய குறையில்லை. என்றைக்கோ போகும் கரண்டுக்காக மாதக்கணக்கில் காத்திருக்கும் பேக்கப்புக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். விற்க வருபவரிடம் 45 டிகிரியில் ஒரு நாளில் எவ்வளவு சார்ஜ் இறங்கும் என்று எழுத்தில் கேளுங்கள். அப்புறம், அழுத்தத்தில் ஹைட்ரஜன் இருக்கும் கலன் இது. கூரைக்கு அடியில் கேஸ் தேங்காதபடி மேலே காற்றுவழி இல்லாத அறையில் வைக்கவே கூடாது.