கிராண்ட் கேன்யனில் கோவேறு கழுதைச் சவாரி: முன்பதிவுக்கு முன் முழங்காலைக் கேளுங்கள்

அரிசோனாவில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். இங்குள்ள ஆழமான பள்ளத்தாக்கான கிராண்ட் கேன்யனுக்குப் போகத் திட்டமிடும் நம்மவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "கோவேறு கழுதையில கீழ போய், ஒரு ராத்திரி தங்கிட்டு வரலாம்னு இருக்கோம். நடக்கவே வேண்டாமாம். ஊர்லேர்ந்து அப்பா அம்மா வந்திருக்காங்க, அவங்களையும் கூட்டிட்டுப் போகலாம்ல?"

நடக்க வேண்டாம் என்பது சரிதான். ஆனால் உடம்புக்கு வேலையே இல்லை என்று நினைத்துப் போகிறவர்கள்தான் திரும்பி வந்து என் மேசையில் படுக்கிறார்கள்.

சவாரி கிளம்பும் பள்ளத்தாக்கின் தெற்கு விளிம்பு கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கீழே கொலராடோ ஆற்றங்கரையை ஒட்டி 1922-இல் கட்டடக் கலைஞர் மேரி கோல்ட்டர் வடிவமைத்த ஃபேன்டம் ரேஞ்ச் விடுதி இருப்பது சுமார் 760 மீட்டரில். வழக்கமாக முதல் நாள் பிரைட் ஏஞ்சல் பாதையில் ஏறத்தாழ 16 கிலோமீட்டர் இறங்குவார்கள். ஐந்தரை மணி நேரம் சேணத்தில். இடையில் ஹவாசுபாய் கார்டன்ஸ் என்ற ஓய்விடத்தில் இறங்கிச் சாப்பிடலாம், கழிப்பறைக்குப் போகலாம். மறுநாள் சவுத் கைபாப் பாதையில் ஏற்றம், கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். அந்தப் பாதையில் தண்ணீர் கிடையாது, நிழலும் அபூர்வம்.

இறங்கும்போது விலங்கின் முன்பக்கம் தாழ்ந்து போகும். நீங்கள் பின்னுக்குச் சாய்ந்து, இரண்டு கால்களாலும் அங்கவடியை (சேணத்தில் தொங்கும் கால்வளையத்தை) அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். முழங்கால் பாதி மடங்கிய நிலையில் மணிக்கணக்காகச் சுமை தாங்குகிறது. முழங்கால் சில்லுக்குப் பின்னால் தேய்மானம் உள்ளவர்களுக்கு, மாடிப்படி இறங்கும்போது வருமே, அதே வலி அன்று முழுக்க வரும். கோவேறு கழுதையின் முதுகு அகலமானது. கால்களை அவ்வளவு அகட்டி உட்கார இடுப்பு மூட்டு இடம் கொடுக்க வேண்டும். உள்தொடைத் தசை இறுகி இருந்தால், அந்த இழுப்பைக் கீழ்முதுகு வாங்கிக்கொள்ளும். சவாரி முடிந்ததும் "முதுகு பிடிச்சுக்கிச்சு" என்பவர்களைச் சோதித்தால், பெரும்பாலும் இடுப்பு மூட்டில்தான் காரணம் கிடைக்கிறது.

வீட்டிலேயே மூன்றைச் செய்து பாருங்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழ முடிகிறதா? கெட்டியாக அடுக்கிய தலையணைகளின் இருபக்கமும் காலைப் போட்டு இருபது நிமிடம் உட்கார்ந்தால் இடுப்பு எப்படி இருக்கிறது? முழங்கால் அளவுத் திண்ணையில் ஏறி, ஒரு காலில் நின்று மறுகாலைத் தூக்கிப் போட முடிகிறதா? கடைசிச் சோதனை முக்கியம். ஐந்து மணி நேரம் கழித்து இறங்கும் அந்த நொடியில்தான் கால் துவண்டு விழுகிறார்கள். தரையில் கால் பட்டதும் சேணத்தை விட்டுவிடாதீர்கள். கையில் பிடித்தபடியே அரை நிமிடம் நில்லுங்கள். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்குத் தலைசுற்றல் வருவதும் அப்போதுதான்.

இந்தச் சோதனைகளில் தேறினால் இரண்டு மாதம் பயிற்சி போதும்: சுவரில் சாய்ந்து அமரும் பயிற்சி, உள்தொடை நீட்டல், முதுகை நேராக வைத்துக் குனிந்து நிமிர்தல். தேறாவிட்டால் வருத்தப்பட வேண்டாம். விளிம்பை ஒட்டியே இரண்டு மணி நேரம் போகும் சவாரி ஒன்று இருக்கிறது; நம் பெற்றோர் பலருக்கு நான் சொல்வது அதைத்தான். ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், கீழே போன பிறகு மனம் மாறினால் வழியில்லை. சாலை கிடையாது. மறுநாள் காலை எப்படி வலித்தாலும் ஏறியாக வேண்டும். அவசரம் என்றால் ஹெலிகாப்டர்தான்.

சவாரி நடத்துபவர்கள் விதிக்கும் கட்டுப்பாடுகளைப் பேரம் பேசாதீர்கள். கீழே இரவு தங்கும் சவாரிக்கு உடை, காலணி, கையில் உள்ள பொருள் எல்லாம் சேர்த்து 200 பவுண்ட், அதாவது சுமார் 90 கிலோதான் வரம்பு. எடை போட்டுப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். அந்த விலங்கின் முதுகும் மூட்டுகளும் உங்களுடையதைப் போலவே தேயக்கூடியவை. கர்ப்பிணிகளுக்கு அனுமதி இல்லை. ஆங்கிலம் சரளமாகப் பேசவும் புரிந்துகொள்ளவும் வேண்டும் என்பதும் விதி. அப்பா அம்மாவுக்காக முன்பதிவு செய்பவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். "முன்னால் போகும் கழுதையை ஒட்டியே போங்கள்", "கடிவாளத்தை இழுங்கள்" என்று வழிகாட்டி கத்தும்போது நீங்கள் நாலு கழுதை பின்னால் இருந்து மொழிபெயர்த்துச் சொல்ல நேரம் இருக்காது. காது மந்தமானவர்களுக்கும் இதே சிக்கல். கோவேறு கழுதைகள் பாதையின் வெளி ஓரத்தை ஒட்டி நடக்கும் பழக்கம் உள்ளவை. உயரம் கண்டால் மயங்குபவர்களுக்கு அது தாங்காது.

மருந்து விஷயத்தை உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே பேசுங்கள். நீர் மாத்திரை எடுப்பவர்கள், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள் அவரிடம் கேட்காமல் போகவே கூடாது. இன்சுலினைக் குளிர்காக்கும் உறையில் வையுங்கள், வெயில் படும் சேணப்பையில் வேண்டாம். சர்க்கரை மிட்டாய் சட்டைப்பையிலேயே இருக்கட்டும். தோளில் பை மாட்டிக்கொண்டு ஏற விடமாட்டார்கள். கீழே கொண்டுபோகத் தருவதும் சின்னப் பைதான். மாத்திரைக்கு அதில் முதலிடம். கோடையில் கீழே வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் இரத்தத்தில் உப்பு குறைந்து குழப்பமும் வாந்தியும் வரும். கேன்யனில் இது அடிக்கடி நடக்கிற ஒன்று. உப்புள்ள தின்பண்டமும் சேர்ந்து போக வேண்டும். வசந்தமும் இலையுதிர் காலமும் நல்லவை.

ஜீன்ஸுக்குள் தையல் உறுத்தாத சைக்கிள் கால்சட்டை போட்டால் தோல் உரியாது. முழுக்கைச் சட்டை, மூடிய காலணி, தாடைக் கயிறுள்ள தொப்பி. கிளம்பிய முதல் பத்து நிமிடத்தில் முழங்கால் குத்தினால் அங்கவடியின் நீளத்தை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். கூச்சப்பட்டு ஐந்து மணி நேரம் தாங்கிக்கொள்ள வேண்டாம். அது வழிகாட்டிக்கு நிமிட வேலை. இரவு விடுதியை ஒட்டி ஓடும் பிரைட் ஏஞ்சல் ஓடையில் முழங்கால்வரை நனைத்தால் வீக்கம் வடியும். கொலராடோ ஆற்றில் மட்டும் இறங்கவே கூடாது. நீரோட்டம் வலுவானது, தண்ணீர் உறைய வைக்கும்.

இடம் கிடைப்பது கடினம், பதினைந்து மாதம் முன்பே விண்ணப்பம் தொடங்கிவிடும். குடிநீர்க் குழாய்ப் பணிகளாலும் 2025 ஜூலைத் தீயாலும் பாதைகளும் விடுதியும் மூடப்பட்டதுண்டு. ஆகவே விமானச் சீட்டு வாங்குமுன் கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவின் அறிவிப்பைப் பாருங்கள். மேலே வந்த அன்றே ஃபீனிக்ஸுக்கு மூன்றரை மணி நேரம் காரோட்டித் திரும்பவும் திட்டமிடாதீர்கள். பக்கத்து ஊர்களான துசாயனிலோ வில்லியம்ஸிலோ ஓர் இரவு தங்கி, மறுநாள் காலை அரைமணி மெதுவாக நடந்த பிறகு வண்டியை எடுங்கள்.