டெண்டுக்கு அடியில் வினிகர் இருந்து என்ன பயன்?

பள்ளி விடுமுறை முடிந்த வாரம் என்றால் பினாங்கில் என் கிளினிக்குக்கு ஒரு கூட்டம் வந்துவிடும். நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து லங்காவிப் பக்கம் போய், கயாக்கில் துடுப்புப் போட்டு டாயாங் பந்திங், துபா என்று தீவு தீவாகச் சுற்றி, மணலில் டெண்டடித்துப் படுத்துத் திரும்பிய கூட்டம். வெயிலில் உரிந்த தோள், பவளப்பாறை கீறிய பாதம் எல்லாம் இருக்கும். கழுவி, மருந்து போட்டு, டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று கேட்டு அனுப்பிவிடுவேன். போன வாரம் வந்த தம்பியைப் பார்த்த பிறகுதான் இதை எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது.

முழங்காலுக்குக் கீழே சிவந்து தடித்த கோடுகள். உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு கோட்டிலும் ஏணிப்படி மாதிரி குறுக்குத் தடம். சில இடங்களில் கொப்புளம் உடைந்து நீர் கசிகிறது. பாக்ஸ் ஜெல்லிமீன் பட்டால் தடம் இப்படித்தான் விழும். சொறிமுட்டைகளில் நாம் அதிகம் பயப்பட வேண்டிய இனம் அது.

“பட்டவுடனே என்னப்பா செஞ்சீங்க?”

“மினரல் வாட்டர் ஊத்திக் கழுவினோம் டாக்டர். மணல் போட்டுத் தேய்ச்சோம். அப்புறம்…” தம்பி கூட வந்த நண்பனைப் பார்க்கிறான். நண்பன் தரையைப் பார்க்கிறான். எனக்குப் புரிந்துவிட்டது.

“வினிகர் கொண்டு போகலையா?”

“இருந்துச்சு டாக்டர். கயாக்கோட பின்னாடி ஹேட்ச்ல, சாமான் வைக்கிற அறையில, டெண்டுக்கு அடியில.”

ஜெல்லிமீன் பட்ட இடத்தில் சிறுநீர் விட்டால் சரியாகிவிடும் என்கிற இந்த விவகாரத்தை இன்றைக்கு ஒரு முடிவுக்குக் கொண்டுவந்துவிடுவோம். எந்த டிவி தொடரில் பார்த்தார்களோ, படித்தவன் படிக்காதவன் எல்லாரும் இதையே சொல்கிறார்கள். சொறிமுட்டையின் இழை தோலில் ஒட்டும்போது அதிலிருக்கும் கொட்டும் செல்கள் எல்லாம் அப்போதே வெடித்துவிடுவதில்லை. நிறைய செல்கள் வெடிக்காமல் தோல்மேலேயே இருக்கும். அந்த மிச்சத்தைக் கிளறிவிடாமல் பார்ப்பதுதான் முதலுதவியே. கடல்நீரில் இருந்த செல்மேல் நல்ல தண்ணீர் பட்டால் உப்பின் அளவு சட்டென்று மாறி, வெடிக்காததும் வெடிக்கும். சிறுநீரும் பெரும்பாலும் தண்ணீர்தான். நாள் முழுக்கத் தண்ணீர் குடித்துக்கொண்டு துடுப்புப் போடுகிறவனுடையது இன்னும் நீர்த்துப்போயிருக்கும். அதில் அமிலம் இருக்கிறது, அது விஷத்தை முறித்துவிடும் என்பதெல்லாம் கட்டுக்கதை. நண்பனுக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு அவன் உடம்பில் இன்னும் கொஞ்சம் விஷத்தை ஏற்றுகிறீர்கள், அவ்வளவுதான். மணல் போட்டுத் தேய்ப்பது, துண்டால் துடைப்பது, பீர் ஊற்றுவது எல்லாம் இதே கணக்கில்தான் சேரும். தயவுசெய்து வேண்டாம்.

செய்ய வேண்டியது, பட்ட இடத்தில் வினிகரை விடாமல் குறைந்தது 30 விநாடி ஊற்றுவது. பிறகு ஒட்டியிருக்கும் இழைகளை இடுக்கியால் எடுங்கள், வெறுங்கையால் தொடாதீர்கள். அறுந்து கிடக்கும் இழையும் கொட்டும், கரையில் செத்துக் கிடப்பதும் கொட்டும். வினிகர் இல்லையென்றால் கடல்நீரால் அலசுங்கள். கண்ணுக்குள் மட்டும் வினிகர் போகக்கூடாது.

“வினிகர் ஊத்தியும் வலி போகல டாக்டர்” என்று சிலர் குறைப்படுவார்கள். போகாதுதான். ஏற்கெனவே உள்ளே இறங்கிய விஷத்தை அது ஒன்றும் செய்யாது, இனி இறங்கப்போவதைத்தான் தடுக்கும். வலிக்குச் சுடுநீர் உதவும். 45 டிகிரிக்கு மேல் போகாமல், 20 நிமிடம். தெர்மாமீட்டர் இல்லையென்றால் அடிபடாதவர் தன் கையை விட்டுத் தாங்குகிறதா என்று பார்த்த பிறகு ஊற்றட்டும். மேகிக்குக் கொதித்த தண்ணீரை அப்படியே காலில் கவிழ்த்துவிட்டு, வெந்த புண்ணோடும் என்னிடம் வராதீர்கள்.

சமையலுக்கு வாங்கும் சாதாரண சுகா, அதாவது வினிகர், போதும், அசெட்டிக் அமிலம் 4 முதல் 6 சதவீதம் இருக்கும். எஸ்டேட்டில் ரப்பர் பால் உறைய ஊற்றுவார்களே சுகா கெத்தா, அது வேறு. அது ஃபார்மிக் அமிலம், தோலைப் பொசுக்கிவிடும். தாத்தா வீட்டுக் கொட்டகையில் கிடந்தது என்று எடுத்துப் போய்விடாதீர்கள்.

பாட்டிலை முன்தளத்து ரப்பர் கயிற்றில் செருகி வையுங்கள். கயாக்கில் உட்கார்ந்தபடி பின் ஹேட்சைத் திறக்க முடியாது என்பது துடுப்புப் போடுகிற உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒவ்வொரு கயாக்கிலும் ஒரு பாட்டில் இருக்கட்டும்.

இன்னொன்று, கால். இந்தப் பயணங்களில் பலருக்குப் படுவது நடுக்கடலில் அல்ல, கயாக்கைக் கரைக்கு இழுக்கும்போது, முழங்கால் ஆழத்தில், அரைக்கால் சட்டையோடு. மெல்லிய லைக்ரா லெக்கிங்ஸ் இருந்தாலே பெருமளவு தப்பிக்கலாம். ஆம்பளைங்க லெக்கிங்ஸ் போடுவதா என்று சிரிக்கிறவர்கள் என் கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்து சிரிப்பதில்லை.

இது லங்காவியோடு முடிகிற கதையும் இல்லை. நம் பினாங்குக் கடலிலும் பாக்ஸ் ஜெல்லிமீன் உண்டு. பந்தாய் கெராச்சூட்டில் இறங்கிக் குளிக்காதே என்று சொல்வது விளையாட்டுக்கு அல்ல. 2010-ல் லங்காவியில் ஸ்வீடன் நாட்டுச் சுற்றுலாப் பயணி ஒருவர் ஜெல்லிமீன் பட்டு இறந்தே போனார்.

பெரிய பாக்ஸ் ஜெல்லிமீன் அதிகமாகச் சுற்றிக்கொண்டால் சில நிமிடங்களில் இதயம் நிற்கலாம். ஆள் மயங்கி மூச்சில்லாமல் கிடந்தால் முதலில் நெஞ்சை அழுத்துங்கள், இன்னொருவர் 999-ஐ அழைக்கட்டும், வினிகரை மூன்றாமவர் பார்த்துக்கொள்ளட்டும். கயாக்கில் வைத்து நெஞ்சை அழுத்த முடியாது. அதனால் பட்டவரைத் தனியாகத் துடுப்புப் போட விடாமல், பக்கத்தில் ஒரு கயாக்கைச் சேர்த்துப் பிடித்து, உடனே கரைக்குக் கொண்டுவாருங்கள். போன் சிக்னல் இல்லாத இடத்துக்குப் போகிறவர்கள் படகுகளில் பேசப் பயன்படும் விஎச்எஃப் ரேடியோ எடுத்துப் போங்கள், அவசர அழைப்புக்கு சேனல் 16.

இன்னொரு ஜாதி ஜெல்லிமீன், பட்ட இடத்தில் பெரிதாக ஒன்றும் காட்டாது. அரை மணி நேரம் கழித்து முதுகுவலி, வயிற்றுப் பிடிப்பு, வேர்வை, வாந்தி, காரணமில்லாத பயம். “நல்லாத்தான் இருக்கேன், போலாம்” என்று அவரே சொன்னாலும் ஒரு மணி நேரமாவது கரையில் உட்கார வையுங்கள். இதில் எதுவும் தெரிந்தால் பயணம் அங்கேயே முடிந்தது, மருத்துவமனைக்குப் போங்கள். நம் தம்பி பட்ட பிறகும் இரண்டு நாள் துடுப்புப் போட்டிருக்கிறான். ஏன் அங்கேயே ஒரு கிளினிக்குக்குப் போகவில்லை என்று கேட்டேன். “ட்ரிப் கெட்டுப் போயிடுமேன்னு டாக்டர்.”

அவனிடம் சொல்லி அனுப்பியது உங்களுக்கும்: ஒன்றிரண்டு வாரம் கழித்து அதே கோடுகளில் அரிப்பு திரும்ப வரலாம். விஷம் மறுபடி ஏறிவிட்டது என்று பயப்பட வேண்டாம், அது ஒவ்வாமை. பார்மசியில் கிடைத்த க்ரீமை நீங்களாக வாங்கிப் பூசாமல், ஒருமுறை வந்து காட்டிவிட்டுப் பூசுங்கள்.